அமெரிக்கத் தபால் துறையின் தலைவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் நெருங்கினால் அமெரிக்கச் செய்திகளில் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலின் பெயர் அடிபடும். ஸ்டாம்ப் விலை ஏறினாலும் அவரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். 1775இல் உருவான பதவி இது, சுதந்திரப் பிரகடனத்தைவிட ஒரு வயது மூத்தது. இதைப் பற்றிப் பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றுக்குக் கதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் என்பவர் யார்?

அமெரிக்க அஞ்சல் சேவை முழுவதற்கும் தலைமை நிர்வாகி. 6 லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்கள், 31,000க்கும் மேற்பட்ட தபால் நிலையங்கள், 16 கோடியைத் தாண்டிய முகவரிகள் என எல்லாம் இவர் பொறுப்பில் வருகின்றன. அலுவலகம் வாஷிங்டனில் இருக்கிறது. 2025 ஜூலையிலிருந்து டேவிட் ஸ்டைனர் இந்தப் பதவியில் இருக்கிறார். பெஞ்சமின் பிராங்க்ளினை முதலாமவராக வைத்து எண்ணினால் இவர் 76ஆவது ஆள்.

இவரை நியமிப்பது யார்? அமெரிக்க அதிபரா?

இப்போது அதிபர் இல்லை. 1971 வரை அதிபர்தான் நியமித்தார், செனட் ஒப்புதல் தந்தது. இன்று அந்த வேலை ஆளுநர் குழுவுடையது. குழுவில் ஒன்பது ஆளுநர்கள்; மாநில ஆளுநர்கள் அல்ல, அஞ்சல் சேவையை மேற்பார்வையிடுபவர்கள். அவர்களை அதிபர் முன்மொழிவார், செனட் உறுதிசெய்யும். ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் ஐந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆளுநரின் பதவிக்காலம் ஏழு வருடம். இந்த ஒன்பது பேரும் கூடி போஸ்ட்மாஸ்டர் ஜெனரலைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வானவருக்கும் துணைப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலுக்கும் அதே குழுவில் இடம் உண்டு.

பதவிக்கு நிலையான காலக்கெடு கிடையாது. ஆளுநர்களுக்கு நம்பிக்கை இருக்கும்வரை இருக்கலாம்.

அப்படியானால் அதிபர் இவரை வேலையை விட்டுத் தூக்க முடியாதா?

சட்டப்படி நேரடியாக முடியாது. ஆளுநர்களையே தகுந்த காரணம் இருந்தால்தான் அதிபர் நீக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. 2020 தேர்தல் சமயத்தில் தபால் தாமதம் பற்றி எழுந்த கூச்சலைப் புரிந்துகொள்ள இது முக்கியம். 2021இல் பைடன் பதவிக்கு வந்ததும், முந்தைய ஆட்சியில் வந்த போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் லூயி டிஜாயை ஏன் உடனே மாற்றவில்லை என்று பலர் கேட்டார்கள். பைடன் கையில் அந்த அதிகாரம் இல்லை என்பதே பதில். ஆளுநர் குழுவில் காலியிடங்களை நிரப்பிவிட்டுக் காத்திருக்கத்தான் அவரால் முடிந்தது. டிஜாய் 2025 மார்ச்சில்தான் விலகினார், அதுவும் டிரம்ப் இரண்டாம் முறை அதிபரான பிறகு.

எதையெல்லாம் இவர் முடிவு செய்யலாம்?

எந்த ஊரில் தபால் பிரிப்பு மையம் இருக்க வேண்டும், எந்த வழியில் லாரி ஓட வேண்டும், எந்த வண்டி வாங்குவது, எத்தனை பேரை எடுப்பது போன்ற நிர்வாக விஷயங்கள் இவரிடம். கட்டணத்தை இவர் தரப்பு தயாரிக்கும், ஆளுநர்கள் நிர்ணயிப்பார்கள். பிறகு ஐந்து பேர் கொண்ட அஞ்சல் ஒழுங்குமுறை ஆணையம் அது சட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்க்கும். தபால் மோசடியையும் திருட்டையும் விசாரிக்க, துப்பாக்கி ஏந்திய தபால் புலனாய்வாளர்களும் இந்தத் துறையிலேயே உண்டு.

செய்ய முடியாதவையும் நிறைய. நஷ்டத்தில் ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சின்ன தபால் நிலையத்தை மூடக் கூடாது என்று சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். பேட்ரிக் டோனஹோ பதவியில் இருந்தபோது, 2013 பிப்ரவரியில், இனி சனிக்கிழமை கடித விநியோகம் கிடையாது, பார்சல் மட்டும்தான் என்று அறிவித்தார். நாடாளுமன்றம் விடவில்லை. ஏப்ரலிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பிறகு 2022இல் வாரம் ஆறு நாள் விநியோகம் என்பதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பகுதிப் பள்ளத்தாக்கின் அடியில் சுபாய் என்றொரு பூர்வகுடி ஊர் இருக்கிறது. அங்கே சாலை கிடையாது, இன்றும் கோவேறு கழுதை முதுகில்தான் தபால் இறங்குகிறது. நியூயார்க்கில் ஒரு தெரு தள்ளி அனுப்பும் கடிதத்துக்கும் சுபாய்க்கு அனுப்பும் கடிதத்துக்கும் ஒரே ஸ்டாம்ப். ஒரு போஸ்ட்மாஸ்டர் ஜெனரலை எடைபோட லாப நட்டக் கணக்கைவிட இதுவே சரியான அளவுகோல் என்பது என் கருத்து. அந்தக் கழுதையை நிறுத்தாமல், ஆட்சியில் இருப்பவர்களுக்கும் வளைந்துகொடுக்காமல் இருந்தவரா என்றுதான் ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும்.

பிராங்க்ளின்தான் முதல் ஆள் என்கிறார்களே, அவர் உண்மையில் என்ன செய்தார்?

பதவி கிடைக்கும்போதே அவருக்குக் கிட்டத்தட்ட நாற்பது வருடத் தபால் அனுபவம் இருந்தது. 1737இல் பிலடெல்பியாவின் போஸ்ட்மாஸ்டர் ஆனார். அச்சகமும் பத்திரிகையும் நடத்திய மனிதர், பத்திரிகை ஊர் ஊராகப் போய்ச் சேரத் தபால் எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரியும். 1753இல் பிரிட்டிஷ் மன்னர் சார்பில் அமெரிக்கக் காலனிகளின் தபாலை இன்னொருவரோடு சேர்ந்து நிர்வகிக்கும் பதவி வந்தது. வழித்தடங்களை நேரில் போய்ப் பார்த்தார், கணக்கு எழுதும் முறையை ஒழுங்குபடுத்தினார், பிலடெல்பியாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே இரவிலும் தபால் ஓட வைத்தார்.

மாசசூசெட்ஸ் ஆளுநர் லண்டனுக்கு எழுதிய தனிப்பட்ட கடிதங்கள் வெளியானதில் அவருக்குப் பங்கு இருந்தது. அதனால் 1774இல் பிரிட்டிஷ் அரசு அவரை நீக்கியது. அடுத்த வருடமே, 1775 ஜூலை 26 அன்று, காலனிகளின் கூட்டு மாமன்றம் அவரைத் தன் முதல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக நியமித்தது. சம்பளம் வருடத்துக்கு 1,000 டாலர். ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமாக இருந்துவிட்டு பிரான்சுக்குத் தூதராகப் போனார். அவருக்குப் பிறகு வந்தவர் ரிச்சர்ட் பாஷ், அவருடைய மருமகன். ஆமாம், வேண்டியவர்களுக்கு வேலை கொடுக்கும் பழக்கம் இந்தத் துறையில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

அமெரிக்காவின் முதல் இரண்டு தபால்தலைகள் 1847இல் வந்தபோது 5 சென்ட் தலையில் பிராங்க்ளின் படம், 10 சென்ட் தலையில் வாஷிங்டன் படம்.

நாடு உருவான பிறகு முதல் ஆள் யார்?

சாமுவேல் ஆஸ்குட், 1789இல் வாஷிங்டன் நியமித்தார். நாடு முழுக்க அப்போது சுமார் 75 தபால் நிலையங்கள்தான். நியூயார்க்கில் வாஷிங்டன் முதலில் குடியிருந்த அதிபர் மாளிகை இந்த ஆஸ்குட்டின் வீடுதான்.

இந்தக் காலத்தில் ஆளைவிடச் சட்டமே பெரிய வேலை செய்தது. 1792 தபால் சட்டப்படி ஒரு செய்தித்தாளை 100 மைல்வரை 1 சென்ட்டுக்கு அனுப்பலாம். கடிதத்துக்கோ தூரத்தைப் பொறுத்து 6 முதல் 25 சென்ட்வரை. அதாவது கடிதம் எழுதுகிற வியாபாரிகள் கொடுத்த காசில் செய்தித்தாள் கிராமங்களுக்குப் போயிற்று. ஊழியர்கள் பிறர் கடிதத்தைத் திறந்து பார்ப்பதும் அதே சட்டத்தில் குற்றமானது. ஒரு புதிய நாடு, படிக்கிற குடிமக்கள் வேண்டும் என்று திட்டமிட்டுச் செலவு செய்தது என்றே இதைப் பார்க்கிறேன்.

அமைச்சரவைக்குள் எப்போது வந்தார்? தபால்காரர் தலைவருக்கு அங்கே என்ன வேலை?

1829இல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் கொண்டுவந்தார். காரணம் சாதாரண அரசியல் கணக்கு. அந்தக் காலத்தில் மத்திய அரசின் ராணுவம் சாராத ஊழியர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் தபால் துறையில் இருந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு போஸ்ட்மாஸ்டர் வேலை. தேர்தலில் உழைத்தவர்களுக்குக் கொடுக்க அதைவிடப் பெரிய களஞ்சியம் வேறு இல்லை.

அப்போது பதவியில் இருந்த ஜான் மக்லீன் திறமைசாலி. ஆறு வருடத்தில் துறையை நன்றாக வளர்த்தவர். கட்சிக்காக ஆட்களை நீக்கச் சம்மதிக்கவில்லை. ஜாக்சன் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கி அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, வில்லியம் பாரியைக் கொண்டுவந்தார். பாரியின் காலத்தில் துறையின் கணக்குவழக்கு நாறிப்போயிற்று. 1836இல் நாடாளுமன்றம் தலையிட்டு, தபால் வருமானம் கருவூலத்துக்குப் போக வேண்டும், தனித் தணிக்கையாளர் வேண்டும் என்று சட்டம் போட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு சுமார் 140 வருடம் ஆளுங்கட்சியின் பெரிய அமைப்பாளர்களில் ஒருவர் இந்த நாற்காலியில் உட்காருவது வழக்கமாகிவிட்டது. உச்சம் என்றால் ஜேம்ஸ் பார்லி. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 1932, 1936 தேர்தல் வேலைகளை நடத்தியவர். ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவர், போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஆகிய இரண்டு பதவிகளையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார். 1940இல் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை நின்றதை ஏற்காமல் விலகினார்.

அடிமை முறைக் காலத்தில் தபால் துறை எந்தப் பக்கம் இருந்தது?

வேதனையான பதில்தான், ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. அதிபர் தாமஸ் ஜெபர்சன் காலத்துப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் கிடியன் கிரேஞ்சர் 1802இல் ஒரு செனட்டருக்கு ரகசியக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்களைத் தபால் சுமக்க விட்டால் ஊர் ஊராகப் போவார்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள், மனிதனுக்கு உரிமை உண்டு என்று தெரிந்துகொள்வார்கள் என்பது அதன் சாரம். அதே வருடம் வெள்ளையர் மட்டுமே தபால் சுமக்கலாம் என்று சட்டம் வந்தது. அதை நீக்க 1865 ஆயிற்று.

1835 ஜூலையில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் துண்டுப் பிரசுரங்கள் தபாலில் சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வந்தன. ஒரு கும்பல் தபால் நிலையத்துக்குள் புகுந்து அவற்றை எடுத்துக் கொளுத்தியது. அப்போதைய போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஏமஸ் கெண்டல், பிரசுரங்களைத் தடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் உள்ளூர் போஸ்ட்மாஸ்டர்கள் அவற்றைக் கொடுக்காமல் நிறுத்தினால் தான் கட்டாயப்படுத்தப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். சட்டம் தெரிந்த ஒருவர் சட்டத்தை மீறுபவர்களுக்கு வழிவிட்டு நின்றார். இந்தப் பதவியின் வரலாற்றில் இதைவிட வெட்கப்பட வேண்டிய தருணங்கள் அதிகமில்லை.

மறக்கக் கூடாத நல்ல பெயர் என்று யாரைச் சொல்லலாம்?

என்னைக் கேட்டால் மான்ட்கோமரி பிளேர். லிங்கனின் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். அதற்கு முன்பே, அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட் தன் விடுதலைக்காக உச்ச நீதிமன்றம் போனபோது அவருக்காக வாதாடிய வழக்கறிஞர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் செய்தவற்றைப் பாருங்கள். அதுவரை நகரத்திலும் கடிதத்தை வாங்கத் தபால் நிலையத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். 1863 ஜூலை 1 முதல் 49 நகரங்களில் கூடுதல் காசு இல்லாமல் வீட்டுக்கே கடிதம் வந்தது. போர்முனையிலிருந்து வரும் செய்திக்காகப் பெண்கள் வெயிலிலும் பனியிலும் வரிசையில் காத்திருந்த காலம் அது. தூரத்துக்குத் தகுந்த கட்டணம் என்பதும் அதே வருடம் போயிற்று. சிப்பாய்கள் வீட்டுக்குப் பத்திரமாகப் பணம் அனுப்ப 1864 நவம்பரில் மணியார்டர் வந்தது.

நாடுகளுக்கு இடையே கடிதம் அனுப்பும் குழப்பத்தைத் தீர்க்க 1863இல் பாரிஸில் 15 நாடுகள் கூடியதும் பிளேரின் முன்முயற்சிதான். 1874இல் பெர்ன் நகரில் உருவான உலக அஞ்சல் ஒன்றியத்துக்கு அது விதை. மதுரையில் ஸ்டாம்ப் ஒட்டிய கடிதத்தைச் சிகாகோவில் வேறு காசு கேட்காமல் கொடுக்கிறார்கள் என்றால், அந்த ஏற்பாட்டின் தொடக்கத்தில் இவர் நிற்கிறார்.

அடுத்து ஜான் வானமேக்கர், 1889 முதல் 1893வரை. பிலடெல்பியாவின் பெரிய துணிக்கடைக்காரர். கட்சிக்காரர்களுக்கு இடம் கொடுக்க இவர் காலத்தில் ஆயிரக்கணக்கான போஸ்ட்மாஸ்டர்கள் நீக்கப்பட்டார்கள், அந்தக் கறை உண்டு. ஆனால் கிராமத்து வீடுகளுக்கும் தபால்காரர் போக வேண்டும், பார்சலையும் தபால் துறை எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாகப் பேசியவர் இவர். கிராமப்புற இலவச விநியோகம் 1896 அக்டோபர் 1 அன்று மேற்கு வர்ஜீனியாவின் மூன்று ஊர்களில் சோதனையாகத் தொடங்கியது. அப்போது பதவியில் இருந்த வில்லியம் வில்சனின் சொந்த மாநிலம் அது. பார்சல் சேவைக்குத் தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் வருடக்கணக்கில் முட்டுக்கட்டை போட்டன. 1913 ஜனவரி 1 அன்றுதான் அது வந்தது.

குழந்தைகளைப் பார்சலில் அனுப்பினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். பார்சல் சேவை வந்த புதிதில் எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்ற விதிகள் தெளிவாக இல்லை. ஒஹையோவில் ஒரு பெற்றோர் 15 சென்ட் ஸ்டாம்ப் போட்டுத் தங்கள் கைக்குழந்தையைத் தபால்காரர் மூலம் பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். 1914இல் ஐடஹோவில் ஒரு சிறுமி 53 சென்ட் ஸ்டாம்ப்போடு ரயிலின் தபால் பெட்டியில் பாட்டி ஊருக்குப் போனாள். மூட்டையில் கட்டி அனுப்பவில்லை. தெரிந்த தபால் ஊழியர் கூடவே பார்த்துக்கொண்டு போனார், ரயில் டிக்கெட்டைவிட அது மலிவு. இந்த வழக்கத்தை நிறுத்த உத்தரவிட்டவர் அப்போதைய போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஆல்பர்ட் பர்லசன்.

யூட்டாவில் வெர்னல் என்ற ஊரில் ஒரு வங்கிக் கட்டடத்துக்கான செங்கல்லையே 1916இல் சின்னச் சின்னப் பார்சலாக அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் ஒருவர் ஒரு நாளில் ஒருவருக்கு அனுப்பக்கூடிய எடைக்கு 200 பவுண்டு வரம்பு வந்தது.

அந்த பர்லசனைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்கிறார்களே?

கெட்டதே அதிகம். 1913 முதல் 1921வரை அதிபர் உட்ரோ வில்சன் அமைச்சரவையில் இருந்தார். விமானத் தபால் 1918 மே 15 அன்று வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் இடையே தொடங்கியது இவர் காலத்தில்தான். வாஷிங்டனிலிருந்து கிளம்பிய முதல் விமானி திசை தவறி எதிர்ப்பக்கம் போய்விட்டார் என்பது தனிக்கதை.

ஆனால் தபால் துறைக்குள் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைக்கும் முறையைக் கொண்டுவந்தவரும் இவர்தான். ரயில் பெட்டிக்குள் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து கடிதம் பிரிப்பதை நிறுத்த வேண்டும் என்று அமைச்சரவையிலேயே பேசினார். 1917 உளவுத் தடைச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, போரை எதிர்த்த சோஷலிஸ்ட் பத்திரிகைகளுக்குத் தபால் வசதியை மறுத்தார். சந்தாதாரருக்குத் தபாலில் போகாத பத்திரிகை அன்று பிழைக்க முடியாது. நீதிமன்றத் தண்டனை எதுவும் தேவைப்படவில்லை, ஒரு கையெழுத்தில் குரல்களை அடக்க முடிந்தது. தபால் அரசியல்வாதி கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இவர் காலமே சாட்சி.

1970இல் என்ன நடந்தது? ஏன் அமைச்சரவையிலிருந்து வெளியே வந்தார்?

துறை உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்தது. கட்டணம், சம்பளம், புதுக் கட்டடம் எதுவானாலும் நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டும். 1966 அக்டோபரில் சிகாகோ தபால் நிலையம், அன்று உலகிலேயே பெரியது, கிட்டத்தட்ட ஸ்தம்பித்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட தபால்கள் தேங்கின. அப்போதைய தலைவர் லாரன்ஸ் ஓபிரையன் 1967இல் யாரும் எதிர்பாராததைச் சொன்னார்: என் பதவியை அமைச்சரவையிலிருந்து எடுங்கள், துறையைத் தனி அமைப்பாக்குங்கள் என்றார். கட்சி வேலையிலேயே வளர்ந்த மனிதர், கட்சிக்குப் பயன்படும் பதவியை வேண்டாம் என்றார். இதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பேச்சு இழுத்துக்கொண்டே போனது. முடித்துவைத்தவர்கள் தபால்காரர்கள். உச்ச சம்பளத்தைத் தொட 21 வருடம் வேலை செய்ய வேண்டிய நிலை. நியூயார்க்கில் வேலை செய்தும் அரசு உதவி வாங்கிச் சாப்பிட்டவர்கள் இருந்தார்கள். மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது குற்றம் என்று தெரிந்தும், 1970 மார்ச் 18 அன்று மன்ஹாட்டனில் தொடங்கினார்கள். சில நாட்களில் நாடு முழுக்கச் சுமார் இரண்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள். அதிபர் நிக்சன் நியூயார்க்குக்கு ராணுவத்தை அனுப்பினார். சிப்பாய்களுக்குக் கடிதம் பிரிக்கத் தெரியவில்லை. எட்டு நாளில் பேச்சுவார்த்தைக்கு வழி பிறந்தது.

அதன் விளைவுதான் 1970 ஆகஸ்ட் 12 அன்று கையெழுத்தான மறுசீரமைப்புச் சட்டம். சம்பளத்துக்குக் கூட்டுப் பேரம் பேசும் உரிமை கிடைத்தது. ஆளுநர் குழு வந்தது. போஸ்ட்மாஸ்டர் வேலைக்குக் கட்சிச் சிபாரிசு ஒழிந்தது. 1971 ஜூலை 1 முதல் புதிய அமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதிபருக்கு ஏதாவது ஆனால் அடுத்தடுத்து யார் பொறுப்பேற்பது என்ற வரிசையிலிருந்தும் இந்தப் பதவி விலகியது. வின்டன் பிளவுன்ட் அமைச்சரவையின் கடைசிப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல், புதிய அமைப்பின் முதல் ஆளும் அவரே.

சரி, அத்தோடு அரசியல் விலகிவிட்டதா?

பாதிதான். வேலை கொடுப்பதிலிருந்து விலகியது, பணத்திலிருந்து விலகவில்லை. 2006இல் நாடாளுமன்றம் போட்ட சட்டம், ஓய்வு பெறுவோரின் எதிர்கால மருத்துவச் செலவுக்காக வருடத்துக்குச் சுமார் 550 கோடி டாலரை முன்கூட்டியே ஒதுக்கச் சொன்னது. வேறு எந்த அரசுத் துறைக்கும் இப்படியொரு சுமை இல்லை. அடுத்த வருடங்களில் நஷ்டம் என்று காட்டப்பட்டதில் பெரும்பகுதி இந்தக் கட்டாயத்தால் வந்தது. 2022இல்தான் அதை நீக்கினார்கள்.

2020இல் இன்னொரு பக்கம் தெரிந்தது. கொரோனாவால் கோடிக்கணக்கானவர்கள் தபாலில் ஓட்டுப் போடத் தயாரான நேரம். டிரம்ப் கட்சிக்கு நன்கொடை கொடுத்த தொழிலதிபர் டிஜாய் ஜூனில் பதவிக்கு வந்தார். பிரிப்பு இயந்திரங்கள் அகற்றப்பட்டன, லாரிகளின் கூடுதல் நடைகள் குறைக்கப்பட்டன, கடிதங்கள் தாமதமாயின. நாடாளுமன்றம் அவரை அழைத்து விசாரித்தது, நீதிமன்றங்கள் பல மாற்றங்களை நிறுத்தின. கடைசியில் ஓட்டுச்சீட்டுகளில் மிகப்பெரும்பாலானவை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெருமை முதலில் தெருவில் நடந்த தபால்காரர்களுக்கே. தேர்தல் வருடத்தில் இந்த நாற்காலியில் உட்காருபவர் எந்தக் கட்சியோடும் பணத் தொடர்பு இல்லாதவராக இருப்பதுதான் நாட்டுக்கு நல்லது.

தபால்காரராக இருந்து இந்தப் பதவிக்கு வந்தவர் உண்டா?

உண்டு. முதலில் ஜெஸ்ஸி டொனால்ட்சன், அதிபர் ட்ரூமன் 1947இல் நியமித்தார். இளம் வயதில் இல்லினாயில் கடிதம் சுமந்தவர். ஆனால் செலவைக் குறைக்க வீடுகளுக்கு ஒரு நாளில் இரண்டு முறை நடந்த விநியோகத்தை 1950இல் ஒன்றாகக் குறைத்ததும் இவர்தான். பழைய சகாக்கள் அதை எளிதில் மன்னிக்கவில்லை. மேகன் பிரென்னன் 1986இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் தபால்காரராகச் சேர்ந்து, 2015இல் முதல் பெண் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஆனார்.

தபால் சேவை மக்கள் வரிப்பணத்திலா ஓடுகிறது?

இல்லை. அன்றாடச் செலவு பெரும்பாலும் ஸ்டாம்ப், பார்சல் கட்டண வருமானத்திலிருந்தே வருகிறது. சிரமம் என்னவென்றால் கடிதம் குறைந்துகொண்டே போகிறது. 2006இல் 21,300 கோடி தபால்களைக் கையாண்டார்கள், 2024இல் அது சுமார் 11,200 கோடி. புதுப்புது வீடுகள் மட்டும் ஒவ்வொரு வருடமும் கூடுகின்றன. 2024 நிதியாண்டில் 950 கோடி டாலர் நஷ்டம். சாதாரணக் கடித ஸ்டாம்ப் 2020இல் 55 சென்ட்டாக இருந்தது, 2025 ஜூலையில் 78 சென்ட் ஆயிற்று.

தபால்தலையில் யார் படம் வர வேண்டும் என்று இவரா முடிவு செய்கிறார்?

பொதுமக்கள் யோசனை அனுப்பலாம், 1957இல் உருவான ஆலோசனைக் குழு பரிசீலிக்கும், கடைசி ஒப்புதல் இவருடையது. தீபாவளிக்கு ஒரு தபால்தலை வேண்டும் என்று அமெரிக்கவாழ் இந்தியர்கள் பல வருடம் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். 2016 அக்டோபர் 5 அன்று அகல்விளக்குப் படத்தோடு அது வந்தது. அப்போது பதவியில் இருந்தவர் பிரென்னன்.

இந்த அதிகாரத்தைப் பார்லி தவறாகப் பயன்படுத்தியதும் உண்டு. ரூஸ்வெல்ட் தீவிர ஸ்டாம்ப் சேகரிப்பாளர். துளையிடாத, பசை தடவாத தாள்களை அச்சகத்திலிருந்தே விலை கொடுத்து எடுத்து, அதிபருக்கும் நண்பர்களுக்கும் பரிசாகக் கொடுத்தார் பார்லி. யாருக்கும் கிடைக்காத அரிய பொருள் ஆயிற்றே, சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். 1935இல் அதே மாதிரித் தாள்களை எல்லோருக்கும் விற்றுத்தான் அடங்கியது.

இந்தியாவிலும் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் இருக்கிறாரே, இருவரும் ஒன்றா?

பெயர்தான் ஒன்று. இந்தியாவில் அஞ்சல் துறை மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள அரசுத் துறை. மேலே அஞ்சல் துறைச் செயலாளரும் தலைமை இயக்குநரும் இருக்கிறார்கள். தமிழ்நாடு வட்டத்துக்குச் சென்னையில் ஒரு முதன்மை அஞ்சல்துறைத் தலைவர். அவருக்குக் கீழே சென்னை, கோவை, திருச்சி, மதுரை மண்டலங்களைப் பார்ப்பவர்கள்தான் நம் ஊர் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல்கள். குடிமைப் பணித் தேர்வு எழுதி இந்திய அஞ்சல் பணிக்கு வந்த அதிகாரிகள் இவர்கள்.

கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் தபாலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1774இல். அதே வருடம்தான் பிரிட்டிஷார் பிராங்க்ளினை நீக்கினார்கள். சென்னை ஜி.பி.ஓ. 1786இல் வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே தலைமை இயக்குநர் என்ற ஏற்பாடு 1854இல் வந்தது, முதல் ஆள் ரிடெல்.

இலங்கையில் அஞ்சல் மா அதிபர்தான் தேசிய அளவில் துறைத் தலைவர். பிரிட்டனில் 1969இல் இந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் நெவில் சேம்பர்லினும் கிளமென்ட் அட்லியும் அதில் இருந்து, பிறகு பிரதமர் ஆனார்கள்.

அமெரிக்கத் தபாலைத் தனியாருக்குக் கொடுத்துவிடுவார்களா?

போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் நினைத்தாலும் முடியாது, நாடாளுமன்றம் சட்டத்தை மாற்ற வேண்டும். 2025 பிப்ரவரியில் டிரம்ப் இதை வர்த்தகத் துறையோடு இணைப்பது பற்றிப் பேசினார். ஸ்டைனர் முன்பு குப்பை அகற்றும் பெரிய நிறுவனம் ஒன்றின் தலைவர், போட்டிக் கூரியர் நிறுவனமான பெடெக்ஸின் இயக்குநர் குழுவிலும் இருந்தவர். அதனால் தபால்காரர் சங்கம் அவர் தேர்வை எதிர்த்தது. பதவியேற்றதும், தனியார்மயத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று ஊழியர்களிடம் சொன்னார் ஸ்டைனர். அந்த வாக்கை அவர் காப்பாற்ற வேண்டும்.

என் கடிதமோ பார்சலோ வரவில்லை. இவருக்கு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் வேலை நடக்க வேண்டுமானால் கீழிருந்து தொடங்குங்கள். முதலில் உங்கள் பகுதித் தபால் நிலையத்தின் போஸ்ட்மாஸ்டரைப் பாருங்கள், டிராக்கிங் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அஞ்சல் சேவையின் இணையதளத்தில் தேடல் கோரிக்கை பதிவு செய்யுங்கள். காப்பீடு செய்த பார்சல் என்றால் இழப்பீடு கேட்கக் காலவரம்பு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். தபால் பெட்டி உடைக்கப்பட்டாலோ காசோலை திருடு போனாலோ தபால் புலனாய்வுப் பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். உங்கள் பார்சல் நிற்கிறது, இந்த இணைப்பை அழுத்திப் பணம் கட்டுங்கள் என்று போனுக்குக் குறுஞ்செய்தி வந்தால் அழுத்த வேண்டாம், அது மோசடி. நீங்களாகக் கேட்டுப் பதிவு செய்யாத பார்சலுக்கு அஞ்சல் சேவை இப்படிச் செய்தி அனுப்புவதில்லை.